நூற்றுக்கு 72 பேர்!

(இயக்கத் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வல்லரசு ஒன்று படை திரட்டும்போதெல்லாம் உலகின் செவியில் ஒரு பேச்சு தவறாமல் விழுகிறது. "நாங்களாக விரும்பிப் போருக்குப் போகவில்லை, எங்கள் மக்கள் ஆணையிடுகிறார்கள், போகிறோம்" என்பதே அந்தப் பேச்சு. மன்னர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. மன்னன் நினைத்தான், முரசு முழங்கியது, படை நடந்தது. மக்களாட்சியில் அப்படிச் செய்ய இயலாது. மக்களின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இருப்பதாகக் காட்டவாவது வேண்டும். ஆகவேதான் பீரங்கியை எண்ணுகிற அதே அக்கறையோடு மக்கள் கருத்தையும் எண்ணுகிறார்கள். நூற்றுக்கு இத்தனை பேர் ஆம் என்றார்கள், இத்தனை பேர் இல்லை என்றார்கள் என்று கணக்குக் காட்டுகிறார்கள்.

அந்தக் கணக்கை இன்று நாம் சற்றே பிரித்துப் பார்ப்போம். அதற்காக 2003ஆம் ஆண்டில் அமெரிக்கா ஈராக் மீது தொடுத்த போரை எடுத்துக்கொள்கிறேன். அன்று மறைக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி இன்று ஏடுகளில் ஏறிவிட்டது. ஊகத்துக்கு இடமில்லாமல் பேச முடியும்.

அமெரிக்க மக்களைப் பழிப்பது என் நோக்கமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களும் நம்மைப்போல் பிள்ளை பெற்றவர்கள், பிள்ளையை இழந்தால் கதறுகிறவர்கள். அந்த மக்களை என்ன செய்தார்கள் என்பதே நம் ஆராய்ச்சி.

2003 மார்ச் 20ஆம் நாள் ஈராக்கில் போர் தொடங்கிற்று. அடுத்த சில நாட்களில் காலப் நிறுவனம் கருத்துக் கணிப்பு எடுத்தது. நூற்றுக்கு 72 பேர் போரை ஆதரித்தார்கள். படை அனுப்பியது தவறு என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 23 பேர்தாம். எத்துணை உறுதியான பெரும்பான்மை! இதற்குமேல் என்ன ஆணை வேண்டும் என்று ஆட்சியாளர் மார்தட்டினார்கள்.

பதினைந்து மாதங்கள் உருண்டன. 2004 ஜூன் மாதத்தில் அதே நிறுவனம், அதே நாட்டில், அதே மக்களிடம் மீண்டும் கேட்டது. நூற்றுக்கு 54 பேர், படை அனுப்பியது தவறு என்றார்கள்!

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். 23 என்பது பதினைந்தே மாதங்களில் 54 ஆயிற்று. அந்நாட்டு மக்கள் அதற்குள் வேறு மக்களாக மாறிவிட்டார்களா? அவர்களுடைய மொழி மாறிற்றா? அறம் மாறிற்றா? இல்லை. அவர்கள் அறிந்திருந்த செய்தி மாறிற்று. அவ்வளவுதான்! அப்படியானால் முதலில் சொன்ன 72 என்பது எதைக் காட்டுகிறது? மக்களின் போர் விருப்பத்தையா, மக்களுக்கு ஊட்டப்பட்ட செய்தியையா?

செய்தி எவ்வாறு ஊட்டப்பட்டது என்பதைப் பார்ப்போம்.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தி மோதிப் பெருங்கொலை புரிந்தவர்கள் 19 பேர். அவர்களில் 15 பேர் சவுதி அரேபியக் குடிகள். ஈராக்கியர் ஒருவர்கூட இல்லை. இது அந்நாட்டு அரசே அறிவித்த உண்மை. ஆனால் 2003 ஜனவரியில், போர் மேகம் திரண்டிருந்த நேரத்தில், நைட் ரிடர் செய்தி நிறுவனம் நடத்திய கணிப்பில், கடத்தியவர்களில் ஈராக்கியரும் இருந்தார்கள் என்று மக்களில் பாதிப் பேர் சொன்னார்கள். ஒருவரும் இல்லை என்று சரியாக விடை சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேர்! போர் தொடங்கிச் சில மாதங்கள் ஆன பின்பும், 2003 செப்டம்பரில், வாஷிங்டன் போஸ்ட் ஏடு வெளியிட்ட கணிப்பில் நூற்றுக்கு 69 பேர், அந்தக் கொலைச் செயலில் சதாம் உசேனுக்கு நேரடித் தொடர்பு இருந்திருக்கக்கூடும் என்றே நம்பினார்கள்.

யார் சொல்லி நம்பினார்கள்? சதாம்தான் அதைச் செய்தார் என்று வெளிப்படையாகச் சொல்லும் துணிவு குடியரசுத் தலைவர் புஷ்ஷுக்கும் இல்லை. ஆனால் அவருடைய பேச்சுகளில் செப்டம்பர் 11 என்ற சொல்லும் சதாம் என்ற சொல்லும் அக்கம்பக்கமாகவே வந்து நின்றன. ஒரு மூச்சில் அது, மறு மூச்சில் இது. இரண்டையும் முடிச்சுப் போடும் வேலையைக் கேட்பவனின் அச்சத்திடம் விட்டுவிட்டார்கள். பொய் சொன்னவன் என்று யாரும் கையைப் பிடித்துவிட முடியாது. ஆயினும் பொய் வீடுதோறும் சென்று சேர்ந்துவிட்டது.

காலத்தையும் கணக்கிட்டே தேர்ந்தார்கள். போருக்கான பேரியக்கம் ஏன் 2002 செப்டம்பரில் தொடங்கிற்று என்று கேட்டதற்கு, வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலராக இருந்த ஆண்ட்ரூ கார்டு, விற்பனை நோக்கில் பார்த்தால் புதுச் சரக்கை ஆகஸ்டு மாதத்தில் கடைக்குக் கொண்டுவருவதில்லை என்ற பொருள்பட விடையிறுத்தார். சரக்காம்! விற்பனையாம்! மனித உயிர் மாயும் போருக்கு அவர்கள் இட்ட பெயர் அது.

அதே ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் அங்கே தேர்தல். அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, அக்டோபரில், போருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 296, எதிர்ப்பு 133. செனட் சபையில் ஆதரவு 77, எதிர்ப்பு 23. மக்கள் அச்சத்தில் இருக்கும்போது, வாக்காளனின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கை தூக்கியவர் பலர். உறுப்பினர் மக்களைப் பார்த்தார். மக்கள் ஏட்டைப் பார்த்தார்கள். ஏடோ ஆட்சியாளரின் வாயைப் பார்த்தது.

ஏடுகளையும் தொலைக்காட்சியையும் பற்றி நான் மிகைப்படுத்திச் சொல்வதாக எண்ணவேண்டாம். 2003 பிப்ரவரி 5ஆம் நாள் வெளிநாட்டு அமைச்சர் காலின் பவல் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் தோன்றி, ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்று படம் காட்டிப் பேசினார். அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு வார காலத்தில், நான்கு பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் இரவுச் செய்திகளில் ஈராக் குறித்துப் பேசவைக்கப்பட்டவர்கள் யார் யார் என்று பத்திரிகைக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று எண்ணிப் பார்த்தது. மொத்தம் 393 பேர். அவர்களில் போர் எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? மூன்றே மூன்று பேர்! நாட்டிலே போர் வேண்டாம் என்று எண்ணியோர் கோடிக்கணக்கில் இருந்தார்கள். திரையிலே மூவர்தாம் இருந்தார்கள். தன்னைப்போல் எண்ணுகிறவன் நாட்டில் வேறு எவனும் இல்லை போலும் என்று எண்ணும்படி ஒருவனைத் தனிமைப்படுத்திவிட்டால், அவன் தானே வாய்மூடிக்கொள்வான். அந்த ஊமைத்தனத்தையும் ஆதரவுக் கணக்கிலே சேர்த்துக்கொள்வார்கள்.

நியூயார்க் டைம்ஸ் ஏடு 2004 மே 26ஆம் நாள், ஈராக் பற்றிய தன் செய்திகளில் பல போதிய கண்டிப்போடு ஆராயப்படாமல் வெளிவந்தன என்று தானே எழுதிற்று. எழுதிய நாளைக் கவனியுங்கள். போர் தொடங்கிப் பதினான்கு மாதங்களுக்குப் பின்! அதே ஆண்டு அக்டோபரில், அமெரிக்க அரசே அமர்த்திய சார்லஸ் டியூல்ஃபர் குழு, ஈராக்கில் அத்தகைய ஆயுதக் குவியல் இருக்கவில்லை என்று அறிக்கை தந்தது.

மேரிலாந்து பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2003 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த வழக்குக்கு முதற் சாட்சி. அவர்கள் மூன்று பொய்களை எடுத்துக்கொண்டார்கள். சதாமுக்கும் அல் காயிதாவுக்கும் தொடர்பு இருந்ததற்குச் சான்று கிடைத்துவிட்டது என்பது ஒன்று. ஈராக்கில் பேரழிவு ஆயுதம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பது இரண்டு. உலக மக்களில் பெரும்பாலோர் போரை ஆதரித்தனர் என்பது மூன்று. இந்த மூன்றில் எதையும் நம்பாதவர்களிடையே போரை ஆதரித்தவர்கள் நூற்றுக்கு 23 பேர். ஒன்றை நம்பியவர்களிடையே 53 பேர். இரண்டை நம்பியவர்களிடையே 78 பேர். மூன்றையும் நம்பியவர்களிடையே 86 பேர்!

பாருங்கள் தோழர்களே, படிக்கட்டுபோல் ஏறுகிறது கணக்கு. ஒவ்வொரு பொய்யும் ஒரு படி. பொய்யே நம்பாதவன் நாட்டில் நாலில் ஒருவன்கூடப் போருக்கு ஆயத்தமாக இல்லை. வல்லரசு காட்டிய அந்த 72க்குள் அச்சம் எவ்வளவு, அறியாமை எவ்வளவு, உண்மையான விருப்பம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் தராசு இது.

இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ஆயத்தம் என்றால் என்ன? தன் கையில் உள்ளதைக் கொடுக்க முன்வருவது ஆயத்தம். பிறர் கையில் உள்ளதைக் கொடுக்கச் சொல்வதற்குப் பெயர் வேறு.

வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்காவில் கட்டாய இராணுவச் சேவை இருந்தது. அந்தப் போருக்கும் பொய்யே வாசலாக அமைந்தது. 1964 ஆகஸ்டில், டோங்கின் வளைகுடாவில் இரண்டாம் முறையாகத் தங்கள் கப்பல்கள் தாக்கப்பட்டன என்று சொல்லி வாக்குக் கேட்டார்கள். பிரதிநிதிகள் சபையில் 416 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவரும் இல்லை. செனட்டில் 88 பேர் ஆதரவு. எதிர்த்தவர்கள் மோர்ஸ், குருனிங் என்ற இருவர் மட்டுமே. அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பதை அமெரிக்க உளவுத் துறையின் வரலாற்றுக் குறிப்பே 2005இல் வெளிப்படுத்திற்று. 1965 ஆகஸ்டில் நூற்றுக்கு 24 பேர்தாம் வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்றார்கள். 1968 ஆகஸ்டில் அது 53 ஆயிற்று. இடையிலே அழைப்பாணை வீடுவீடாக வந்தது. சவப்பெட்டிகள் ஊர் ஊராக வந்தன. 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகள் அந்தப் போரில் மாண்டார்கள். வியட்நாமியர் மாண்டதோ இலட்சக்கணக்கில்.

1973இல் கட்டாயச் சேவை நிறுத்தப்பட்டது. நல்லது என்று மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அதோடு, போர் என்பது பெரும்பாலான வீடுகளின் வாசலை மிதிக்காத விருந்தாளியாயிற்று. ஊதியத்துக்குச் சேர்ந்தவன் போவான், வறுமையால் சேர்ந்தவன் போவான், மற்றவர்கள் திரையிலே பார்ப்பார்கள். பணச் சுமையாவது உறைத்ததா? அதுவும் இல்லை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 2003 மே மாதத்தில், வரியைக் குறைத்துச் சட்டம் இயற்றினார்கள்! போர்ச் செலவைக் கடன் வாங்கிச் செய்தார்கள். பிள்ளையையும் கேட்கவில்லை, பணத்தையும் கேட்கவில்லை. ஒரு தலையசைப்பை மட்டும் கேட்டார்கள். விலை சொல்லாமல் விற்ற பொருளை 72 பேர் வாங்கியதில் வியப்பென்ன?

அப்படியானால் மக்கள் கருத்துக்கு வலிமையே இல்லையா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

2003 பிப்ரவரி 15ஆம் நாள் உலகமெங்கும் நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். இலண்டன் அதுவரை காணாத பெருங்கூட்டத்தைக் கண்டது. ரோம் நகரில் இலட்சோபலட்சம் பேர் திரண்டார்கள். நியூயார்க்கிலேயே, தாக்குண்ட அந்த நகரத்திலேயே, போர் வேண்டாம் என்ற குரல் எழுந்தது. ஆயினும் போர் நிற்கவில்லை. பிரிட்டனில் அமைச்சர் ராபின் குக் பதவியைத் துறந்தார். மறுநாள் மார்ச் 18 அன்று அந்நாட்டுப் பாராளுமன்றம் 412க்கு 149 என்ற கணக்கில் போருக்கு இசைவளித்தது. இதை மூடி மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. அந்தப் பேரணிகள் தோற்றன. ஏன் தோற்றன? அமெரிக்காவில் சட்டமன்ற வாக்கெடுப்பு நான்கு மாதங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. படைகள் பாலைவனத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. மக்கள் கருத்து வீதிக்கு வந்து சேர்ந்தபோது முடிவு அதைக் கடந்து போய்விட்டது.

ஆனால் மக்கள் கருத்து நேரத்தோடு வந்து சேர்ந்த இடமும் உண்டு. அமெரிக்கா 62,000 படைவீரரைத் துருக்கி மண்ணில் நிறுத்தி வடக்கிலிருந்து ஈராக்கைத் தாக்கத் திட்டமிட்டது. பெருந்தொகை உதவியாகத் தருவதாகச் சொல்லிற்று. துருக்கியின் அரசு இணங்கியது. மக்கள் இணங்கவில்லை, நூற்றுக்கு 80க்கு மேற்பட்டோர் எதிர்த்தார்கள். 2003 மார்ச் 1ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தபோது தலைநகர் அங்காராவில் பல்லாயிரவர் திரண்டு நின்றார்கள். ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. வந்திருந்தோரில் பாதிக்கு மேல் வேண்டும் என்பது விதி. மூன்று வாக்குகள் குறைந்தன. தீர்மானம் வீழ்ந்தது! அமெரிக்காவின் படைப்பிரிவு ஒன்று கப்பலோடு காத்திருந்து, சுற்றிக்கொண்டு குவைத்துக்குப் போகவேண்டியதாயிற்று. வல்லரசின் திட்டத்தை மூன்று வாக்குகள் திருத்தி எழுதின.

இந்தியத் துணைக்கண்டத்திலும் அந்த அலை வீசிற்று. 2003 ஏப்ரலில் மக்களவை ஈராக் மீதான படையெடுப்பைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிற்று. ஈராக்குக்கு இந்தியப் படையை அனுப்பவேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. அன்றைய வாஜ்பாய் அரசுக்குள்ளே இசைவு தரலாம் என்ற எண்ணம் கொண்டோரும் இருந்தார்கள். நாட்டில் எதிர்ப்பு பலமாக இருந்தது. 2003 ஜூலையில், ஐ.நா. மன்றத்தின் வெளிப்படையான ஆணை இல்லாமல் படை அனுப்ப இயலாது என்று அரசு அறிவித்தது. நம் பகுதித் தாய்மார்கள் பெற்ற பிள்ளைகளும் உள்ள படை அது. அன்று எழுந்த மறுப்பின் பயன் நம் தெருக்களுக்கும் உண்டு.

பிரிட்டனையே மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுகள் கழித்து, 2013 ஆகஸ்டில், சிரியாவைத் தாக்க ஒப்புதல் கேட்டு அந்நாட்டு அரசு பாராளுமன்றம் வந்தது. ஆதரவு 272, எதிர்ப்பு 285. தோற்றது தீர்மானம்! அமெரிக்காவிலும் மக்களில் பெரும்பாலோர் தாக்குதல் வேண்டாம் என்றார்கள். குடியரசுத் தலைவர் ஒபாமா சட்டமன்றத்திடம் ஒப்புதல் கேட்பதாக அறிவித்தார். வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. அடுத்த மாதமே சிரியாவின் நச்சு ஆயுதங்களை ஒப்படைக்கும் உடன்பாடு உருவாயிற்று. சிரிய மக்களின் துயரம் அதோடு தீர்ந்துவிடவில்லை. அவர்களுடைய உள்நாட்டுப் போர் பல்லாண்டு நீடித்தது. ஆயினும் அன்று எழவிருந்த தாக்குதலை நிறுத்தியது எது? ஈராக் பற்றிய நினைவு. 2003இல் தோற்ற பேரணியின் குரல் 2013இல் பாராளுமன்றத்துக்குள் நுழைந்து வாக்களித்தது என்றே நான் சொல்வேன். விதைத்தவன் அறுக்காமல் போகலாம், விதை வீணாவதில்லை.

இனி நமக்கு வருவோம். அமெரிக்காவின் கதையைச் சொல்லி இங்கே கைதட்டல் வாங்குவது எளிது. நம் தெருவில் நம் பெயரால் முரசு ஒலிக்கும் நாள் வந்தால் நாம் எப்படி நடந்துகொள்வோம் என்பதே கடினமான கேள்வி. அச்சம் அமெரிக்கனுக்கு மட்டும் உரியதன்று. அக்கம்பக்கமாக வைத்த இரண்டு சொற்களை முடிச்சுப் போடும் பழக்கம் நமக்கும் உண்டு. மேடையில் நிற்கும் பேச்சாளனுக்குப் போரைப்போல் கைதட்டல் வாங்கித் தரும் பொருள் வேறில்லை என்பதை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள்.

ஆகவே எங்கே எவர் போருக்கு அழைத்தாலும், நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். சொல்லப்படும் செய்திக்குச் சான்று என்ன, அதை அரசைச் சாராத எவர் ஆராய்ந்தார்? ஏன் இன்றே, ஏன் இந்தத் தேர்தலுக்கு முன்னே? யாருடைய பிள்ளை போகிறான், யாருடைய பணம் போகிறது? மறுப்பவனின் குரல் எந்த ஏட்டில், எந்தத் திரையில் ஒலிக்கிறது? நான்குக்கும் விடை கிடைக்கும்வரை தலையை அசைக்காதீர்கள். நூற்றுக்கு 72 பேர் அசைத்துவிட்டார்கள் என்று சொன்னாலும் அசைக்காதீர்கள்.

இவற்றைக் கேட்பவனுக்குப் பூமாலை கிடைக்காது. துரோகி என்பார்கள், எதிரியின் கையாள் என்பார்கள். 2003 பிப்ரவரி 12ஆம் நாள் அமெரிக்க செனட்டில் முதியவர் ராபர்ட் பேர்டு எழுந்து, நாடு போரின் விளிம்பில் நிற்கும்போது இந்த அவை ஏன் வாய்மூடிக் கிடக்கிறது என்று கேட்டார். 1964இல் டோங்கின் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர் அவர்; அதை எண்ணி வருந்தியவர். அவருக்கு அன்று விடை சொல்வார் இல்லை. போர் முடிந்து அமெரிக்கப் படை 2011இல் வெளியேறியபோது, மாண்ட அமெரிக்க வீரர் ஏறத்தாழ 4,500 பேர். ஆவணங்களில் பதிவான ஈராக்கியப் பொதுமக்கள் மட்டும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர். விடை அந்தக் கணக்கிலே இருந்தது.

கேள்வி கேட்ட தோழன் தனித்து நிற்கும் நாளில் அவன் பக்கத்தில் போய் நிற்பதே ஓர் இயக்கத்தின் கடமை. படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் கிளைக் கூட்டத்திலும், போர் முரசு கேட்காத இந்த அமைதி நாட்களிலேயே, அந்தப் பழக்கத்தை வளர்த்திடுங்கள். முதற் குண்டு விழுந்த பிறகு கருத்தைக் கேட்பவர்கள் கருத்துக்காகக் கேட்பதில்லை, கையொப்பத்துக்காகக் கேட்கிறார்கள். வெற்றுத்தாளில் கையொப்பமிட மறுக்கும் மக்களைப் போருக்கு ஆயத்தமானவர்கள் என்று காட்ட எந்த வல்லரசாலும் இயலாது.